புதுப்பேட்டையிலிருந்து கோவைக்கு: ஓர் இம்பாக்ட் கன் தேடிய வழி

புதுப்பேட்டை

கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டைச் சந்துகளில் காலை பத்து மணிக்கே கியர் ஆயில் வாடை தூக்கலாக இருக்கிறது. ஒரு கடை முழுக்கக் கார் கதவுகள், அடுத்த கடையில் ஹெட்லைட்டுகள், அதற்கடுத்ததில் ரேடியேட்டர்கள். ஓடி முடித்த வண்டிகளைப் பிரித்து விற்கிற இந்தத் தெருக்களில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை யாராவது ஒருவர் ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டேதான் இருக்கிறார். வீட்டிலேயே கார் வேலை பார்க்க இம்பாக்ட் ரெஞ்ச் வாங்க நினைப்பவர் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

கோவையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் கிளம்பியிருந்தேன். அந்தக் கருவியை நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பவர்களிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே போய், கோவையில் வாங்கிக்கொள்வதாக உத்தேசம். 400, 800, 1,200 நியூட்டன் மீட்டர் என்று ஒன்றையொன்று முந்துகிற எண்களை விளம்பரங்களில் படித்து அலுத்துவிட்டது. என் ஸ்விஃப்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எந்த அட்டைப்பெட்டியும் சொல்லவில்லை.

திருவான்மியூரில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தேவை சட்டென்று புரியும். உப்புக் காற்று காரின் அடிப்பக்கத்தை விடுவதேயில்லை. பிரேக் பேட் மாற்றலாம், டயர்களை முன்பின் மாற்றிப் போடலாம், ஷாக் அப்ஸார்பரைக்கூட இறக்கலாம். எல்லாம் வீட்டில் செய்யக்கூடிய வேலைகள்தான். ஆனால் முதல் நட்டிலேயே துரு வழிமறிக்கும். ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் நட்டின் பட்டை மழுங்கும், அல்லது ஸ்டட்டே முறியும்.

கதவுக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் முன்பக்க சஸ்பென்ஷன் ஒன்றைத் தரையில் கிடத்திப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் வயர் போட்ட மின்சாரக் கன். டர்ர்ரென்று ஒரு சத்தம், நட்டு தனியாக உருண்டது. வியப்பு என்னவென்றால், அவ்வளவு இறுகிய நட்டு கழன்றும் அவர் மணிக்கட்டு திரும்பவேயில்லை.

அவர் பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியில், நட்டின் மேல் மாட்டுகிற பாக்ஸ் (சாக்கெட்) ஒன்று நெடுக்குவாட்டில் பிளந்து கிடந்தது. பளபளக்கும் குரோம் பூச்சு, விரிசல் மட்டும் சாம்பல் நிறத்தில்.

"இன்னா சார் பாக்கற? புதுப் பையன் கன்ல மாட்டிட்டான். தெறிச்சுது. நல்லவேளை, மூஞ்சில படல. பளபளன்னு இருக்கறது கையால திருப்பறதுக்கு. கன்னுக்குக் கறுப்பு பாக்ஸ்தான்."

கையால் திருப்பும் பாக்ஸ்கள் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகில் செய்தவை. கடினமானவை, சுவர் மெல்லியவை, அடி தாங்காதவை. கன்னுக்கென்று வரும் கறுப்பு பாக்ஸ்கள் குரோம் மாலிப்டினம் எஃகு. சுவர் தடிமன், அடியை வாங்கி நெளிந்து கொடுக்கும். பன்னிரண்டு பட்டை உள்ளதை விட்டுவிட்டு ஆறு பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். ஆறு பட்டை நட்டின் முழுப் பக்கத்தையும் பிடிக்கும். பன்னிரண்டு பட்டை மூலையை மட்டும் பிடித்து மழுக்கும். எந்தக் கன் என்று முடிவாகும் முன்பே பாக்ஸ் முடிவாகிவிட்டது.

வயர் போட்டதே நல்லதா என்று கேட்டேன். விலை குறைவு, சார்ஜ் கவலை இல்லை, வருஷக்கணக்கில் உழைக்கும் என்றார். பிறகு அவரே கேட்டார்: "உன் வூட்டு கார் பார்க்கிங்ல பிளக் பாயின்ட் கீதா?"

இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருப்பது விளக்கு மட்டும்தான்.

உளுந்தூர்பேட்டை தாண்டி

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் வண்டிகளின் முகமே மாறிவிடுகிறது. கார்கள் குறைந்து லாரிகள் நிறைகின்றன. இருபுறமும் கரும்பும் மக்காச்சோளமும். சின்னசேலம் தாண்டினால் வலப்பக்கம் கல்வராயன் மலை நீலமாக ஏறி நிற்கிறது. கடற்கரைச் சமவெளியிலேயே வளர்ந்த எனக்கு, சாலையோடு கூடவே வருகிற மலை ஒவ்வொரு முறையும் புதிது.

புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. பாலக்காட்டிலிருந்து இளம் வயதில் வந்து இந்தச் சாலையோரமே நரைத்துப்போனவர் அதை நடத்துகிறார். கல்லாப்பெட்டிக்கு மேல் குருவாயூரப்பன் படம். நான் போனபோது லாரியின் பின்பக்க இரட்டைச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓர் அங்குலச் சதுர முனையுள்ள நீண்ட மூக்குக் காற்றுக் கன், இரண்டு கையாலும் தாங்க வேண்டிய எடை. அது அடிக்க ஆரம்பித்ததும் புளியமரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. அவர் காதில் பஞ்சு வைத்திருந்தார். எனக்கும் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தார்.

திரும்பப் பூட்டுவதைத்தான் நான் உன்னிப்பாகப் பார்த்தேன். ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலால் மரையில் ஏற்றினார். ஏறாமல் முரண்டு பிடித்த ஒன்றைத் திரும்ப எடுத்து, மரையில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். பிறகு எதிரெதிராகக் கன்னால் மெல்ல ஓட்டினார். கடைசியாக நீண்ட கம்பியைப் போட்டு உடம்பு எடையால் அழுத்தி நிறுத்தினார். அவ்வளவு பெரிய கன் கையில் இருந்தும், கடைசி முறுக்கு அவர் கையாலேயே நடந்தது.

"கழற்ற இவன் போதும் சாரே. முறுக்க இவனை நம்பக்கூடாது. எவ்வளவு முறுக்கினான்னு இவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது."

ராத்திரி வந்து நின்ற ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். டயர் பஞ்சர், ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நட்டுதான் கழலவில்லை. எங்கோ ஒரு டயர் கடையில் கன்னை வைத்து முழு வேகத்தில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கணவன் ஏறி மிதித்ததில் வண்டியோடு வந்த ஸ்பேனரே வளைந்துவிட்டது. இருட்டில் கைக்குழந்தையோடு இறங்கி நடந்து வந்து இவரை எழுப்பினார்களாம். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கும் வந்தது. ஒரு நிமிடச் சோம்பேறித்தனத்தின் விலையை, எவரோ ஒருவர் நடுவழியில் கொடுக்கிறார்.

காரில் போகும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். காரோடு வரும் எல் ஸ்பேனரின் கை முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதன் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது 160 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு விசை. 70 கிலோ ஆணுக்கு 200 சொச்சம். என் காரின் வீல் நட்டுக்குக் கையேடு சொல்வது 100. அந்த 100-இல் நிறுத்தினால் யாராலும் கழற்ற முடியும். கன் 300-க்கு ஏற்றிவிட்டால் வீட்டில் எவராலும் முடியாது. போதாக்குறைக்கு ஸ்டட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும்.

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மரவள்ளி மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. சேலத்தில் தட்டுவடை செட்: இரண்டு தட்டைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், மேலும் கீழும் காரச் சட்னி. மொறுமொறுப்பு ஊறிப்போவதற்குள் வாயில் போட வேண்டும்.

நாமக்கல்

ஒற்றைப் பாறைமேல் கோட்டை, அடிவாரத்தைக் குடைந்து நரசிம்மர், அவரைப் பார்த்தபடி கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். நாமக்கல் என்றால் ஊருக்கெல்லாம் முட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே சாலையில் நடந்தால் கேட்பது லாரி பாடி கட்டும் சத்தம். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி மரமும் இரும்பும் வண்ணமும் ஏறி முழு லாரியாகிப் போகும் ஊர் இது.

பட்டறைகளுக்கு நடுவில் காற்றுக் கருவிகளை மட்டும் பழுது பார்க்கும் சின்னக் கடை. பெஞ்சின் மேல் செய்தித்தாளை விரித்து, அரை அங்குலக் கன் ஒன்றை அந்தக் கடைக்காரர் பிரித்து வைத்திருந்தார்.

"வாங்கண்ணா, கிட்ட வந்து பாருங்க. உள்ள பெருசா ஒண்ணுமே இல்லீங்."

உண்மைதான். ஓர் உருளை, அதன் வெட்டுகளில் சொருகிய மெல்லிய பழுப்புத் தகடுகள். காற்று அந்தத் தகடுகளைத் தள்ளி உருளையைச் சுற்ற வைக்கிறது. அதற்கு முன்னால் சுத்தியல் துண்டுகள். அவை அடிப்பது பாக்ஸ் மாட்டும் சதுர முனையின் மறுகோடியில் இருக்கும் பட்டறைக்கல்லை. நட்டு தடுக்காதவரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். தடுத்ததும் சுத்தியல் நழுவி, ஒரு சுற்று வேகம் பிடித்து வந்து பக்கவாட்டில் அடிக்கும். பிறகு மறுபடி நழுவும், மறுபடி அடிக்கும். தரையில் இறங்கிய முளைக்குச்சியை இழுத்துப் பிடுங்காமல் பக்கவாட்டில் தட்டித் தட்டி இளக்குவோமே, அந்த வேலைதான். ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை. அதனால்தான் புதுப்பேட்டைக்காரரின் மணிக்கட்டு திரும்பவில்லை. பேட்டரிக் கன்னிலும் சுத்தியல் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே காற்றுக்குப் பதில் மோட்டார், சுத்தியலைப் பின்னிழுத்து விடுவதற்கு ஒரு ஸ்பிரிங்கும் எஃகு குண்டுகளும்.

தகடு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் சீப்புப் பல்லாகப் பிய்ந்திருந்தது. சுத்தியலின் விளிம்பில் துரு. "தண்ணிங்ணா. கம்ப்ரஸர் டேங்குல தண்ணி சேரும், அத வடிக்கறதே இல்ல. காத்தோட தண்ணியும் உள்ள போவுது. காலைல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போதும், விடறதில்ல. அப்புறம் கன்னு சரியில்லம்பாங்க." அந்தப் பிய்ந்த தகட்டை விரலால் தடவிக்கொண்டே பேசினார். நல்ல கருவி கவனிப்பாரில்லாமல் தேய்வது அவருக்கு வருத்தமாகவே இருந்தது.

வீட்டுக்குக் காற்றுக் கன் சரிப்படுமா என்ற கேள்விக்கு, பதில் சொல்லாமல் மூலையில் இருந்த சின்னக் கம்ப்ரஸரை ஓட விட்டார். 24 லிட்டர் டேங்க், வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கிறார்களே, அது. 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏறியதும் தன் கன்னை மாட்டி, வைஸில் பூட்டிய பெரிய போல்ட்டின் மேல் வைத்து அழுத்தினார். முதல் சில நொடி நல்ல அடி. பிறகு சத்தம் தளர்ந்து முனக ஆரம்பித்தது. டேங்க் காலி. மோட்டார் மறுபடி நிரப்பும்வரை நாங்கள் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காத்திருப்பிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மதியச் சாப்பாடு ஒரு மெஸ்ஸில். பள்ளிபாளையம் சிக்கன் கேட்டு வாங்கினேன். மசாலாப் பொடி எதுவும் இல்லை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய். பரிமாறிய அம்மா, "மெட்ராஸ்ல இந்தக் காரம் தாங்குவீங்களா கண்ணு?" என்று கேட்டபடியே ஓர் ஆம்லெட்டையும் இலையில் வைத்தார். முட்டை ஊரில் அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

திருச்செங்கோடு

அர்த்தநாரீசுவரர் மலைக்குக் கீழே, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் ஊர். இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோட்டு விலாசத்தைப் பார்க்கலாம்; இங்கிருந்து போனவர்கள் ஆப்பிரிக்காவிலும் தோண்டுகிறார்கள்.

ரிக்கோடு வரும் துணை லாரியில் ஏற்றியிருக்கும் கம்ப்ரஸரைப் பார்ப்பதற்காகவே நிறுத்தினேன். நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேல் காற்று தள்ளும் ராட்சசன். பாறைத்தூளை நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து மேலே ஊதித் தள்ள அவ்வளவு வேண்டும். ஓர் அரை அங்குலக் கன் நிறுத்தாமல் அடிக்க இருபது கன அடிக்கு மேல் கேட்கும். வீட்டில் வைக்கக்கூடிய இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் தருவது ஏழெட்டுதான். காற்றில் நம்பிக்கை வைத்த ஊர்களைப் பார்த்துக்கொண்டே வந்தும், என் முடிவு காற்றை விட்டு விலகிக்கொண்டே போனது.

கோவை

அவிநாசி தாண்டியதும் காற்றில் ஒரு குளிர்ச்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. சென்னையின் பிசுபிசுப்பு அதில் இல்லை. அக்காவின் பழைய இன்னோவாவின் அடியில் குனிந்து பார்த்தேன். என்னுடையதைவிட வயதான வண்டி. ஆனாலும் நட்டுகளில் மேலோட்டமான செம்மை மட்டும்தான். உப்பில்லாத ஊரின் பாக்கியம். இந்த ஊரில் இருப்பவர் என்னைவிடச் சின்னக் கன் வாங்கினாலே போதும்.

அக்கா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள், நெய் மணக்க. சாப்பிட்டதும் மாமா என்னைக் காந்திபுரம் பக்கம் ஒரு டூல்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். மோட்டாரும் பம்பும் வார்ப்பும் செய்கிற ஊர் இது. எல்ஜி நிறுவனம் 1960 முதல் இங்கிருந்துதான் கம்ப்ரஸர் செய்து உலகத்துக்கு அனுப்புகிறது. இங்கே கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசிக்கொள்வதே தனி அழகு. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பேரிங்கை விரலால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேட்டரிக் கன்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. 18, 20, 21, 48, 88 என்று வோல்ட் எண்கள். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். லித்தியம் செல் ஒன்று முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட், வேலை செய்யும்போது சராசரி 3.6. ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் 18. புதிதாகச் சார்ஜ் ஏறியதும் 21. ஆக 18, 20, 21 எல்லாம் ஒரே பேட்டரிதான். 48, 88 என்று எழுதிய பெயர் தெரியாத பெட்டிகள் பலவற்றைத் திறந்தாலும் உள்ளே அதே ஐந்து செல்தான் இருக்கும். "எழுத்தை வாங்காதீங்க சார், செல்லைப் பாத்து வாங்குங்க."

டார்க், அதாவது முறுக்கு விசை எண்களிலும் இதே கதை. பெட்டியில் பெரிதாகப் போடுவது கழற்றும்போது கிடைக்கும் உச்ச எண். முறுக்கும் எண் சிறிய எழுத்தில் வேறெங்கோ இருக்கும். என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்ன மகிட்டா டி.டி.டபிள்யூ 300-இல் முறுக்குவது 330, கழற்றுவது 580. அதே நிறுவனத்தின் 1,000 நியூட்டன் மீட்டர் கன்னும் பக்கத்தில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். காரின் வீல் வளைவுக்குள் கையை நுழைத்து அந்த எடையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்ததும் கீழே வைத்துவிட்டேன். வீல் நட்டு 100. சிறிய கார்களின் ஆக்ஸில் நட்டு 200-ஐ ஒட்டி. துருவுக்காக அதற்கு ஒரு மடங்கு கூடுதல். வீட்டுக்கு இந்த நடுத்தரக் கன் தாராளம். அரை அங்குல முனை, பிரஷ் இல்லாத மோட்டார், அடியின் வேகத்தை நான்கு படியாகக் குறைக்கும் வசதி. லாரிக்காரருக்கு வேண்டியது லாரிக்காரரிடம் இருக்கட்டும்.

பெயர் தெரியாத செட்டைவிட விலை பல மடங்கு. ஆனாலும் இன்னும் ஐந்து வருடம் கழித்து அதே பேட்டரி கிடைக்குமா, பழுதானால் பிரித்து உள்ளே பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. கூடவே 17, 19, 21 கறுப்பு பாக்ஸ்கள். அதோடு, கன்னுக்குச் செலவழித்த அதே மனதோடு, வைத்த அளவு முறுக்கு வந்ததும் டிக் என்று சொல்லும் ஒரு டார்க் ரெஞ்ச். இது இல்லாமல் கன் மட்டும் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் இன்னோவாவின் ஒரு சக்கரத்தில் ஆரம்பித்தோம். 21 பாக்ஸ், ஐந்து நட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடி. எதிர்வீட்டுக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு பார்க்க வந்தார்கள். மாட்டும்போது விரலால் மரையில் ஏற்றி, கன்னின் முதல் படியில் ஒட்ட வைத்து, கடைசியில் டார்க் ரெஞ்சை 103-இல் வைத்து எதிரெதிராக முறுக்கினேன். டிக் என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று தோன்றும், கூடாது.

"நான் கழட்டிப் பாக்கறேன், தள்ளுடா" என்றாள் அக்கா. வண்டியோடு வந்த எல் ஸ்பேனரைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்து அழுத்தினாள். நட்டு இளகியது. அடுத்ததும் இளகியது. வாரம் இரண்டு முறை தனியாகப் பொள்ளாச்சி போய் வருகிறவள் அவள். டார்க் ரெஞ்சை அவளே வாங்கி ஐந்தையும் மறுபடி முறுக்கினாள். பிறகு மற்ற மூன்று சக்கரங்களையும் அவளேதான் பார்த்தாள். கடைசிச் சக்கரத்தில் கன்னையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பெருந்துறை

திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தினேன். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கோவையில் ஸ்விஃப்டின் டயர்களை முன்பின் மாற்றிப் போட்டிருந்ததால், அதைச் செய்ய இது சரியான தூரம். டீயை மெதுவாகக் குடித்து வீல்கள் சூடு ஆறும்வரை இருந்தேன். இஞ்சி தூக்கல், சர்க்கரை அதைவிடத் தூக்கல்.

இடப்பக்க முன்சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் இம்மி நகர்ந்து டிக் என்றது. மற்றவை நகராமலே டிக் என்றன. பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து ரெஞ்சை வாங்கி, அதில் பொறித்திருந்த எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரிக்கும் இது உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் இதைவிட ரொம்பப் பெரியது, 600-க்கு மேல் போக வேண்டும் என்றேன். கடை எங்கே என்று கேட்டுக்கொண்டார். அலமாரியில் அது எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை சொன்னேன். ரெஞ்சின் ஸ்பிரிங் தளர எண்ணைக் கடைசிவரை குறைத்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.